கடைசி அத்தியாயச் சண்டைகள்: மணிபல்லவக் கரையிலிருந்து ஒரு பார்வை

2025 மே 31ஆம் திகதி பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரின் அந்த ஆண்டுப் பருவம் முடிந்தபோது அதன் ரசிகர்கள் இரண்டுபட்டார்கள். 1963இல் தொடங்கிய தொடர் அது. நாயகன் சாகும் தறுவாயில் வேறோர் உடலெடுப்பது அதன் பழைய ஏற்பாடு. நடிகரை மாற்றவேண்டி வந்தபோது கண்டுபிடித்த உபாயம், பிறகு கதையின் உயிராகவே ஆகிவிட்டது. இந்த முறை நாயகனான டாக்டராக நடித்த ந்சூட்டி கட்வா ஒளிவெள்ளத்தில் மறைய, அந்த இடத்தில் நின்றவர் பில்லி பைபர். 2005இல் இதே தொடரில் ரோஸ் என்ற தோழியாக வந்தவர். ஒரு பகுதியினர் துள்ளிக் குதித்தார்கள். மற்றப் பகுதியினர், சொல்லவேண்டியதைச் சொல்லாமல் பழைய முகத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்கிவிட்டார்கள் என்றார்கள்.

அதைவிடக் கூடிய கோபம் பெலிண்டா என்ற பாத்திரம் பற்றியது. கேரளத்தில் பிறந்த வரதா சேது நடித்த அந்தத் தாதி, பருவத்தின் தொடக்கத்தில் டாக்டரையே நிறுத்திக் கேள்வி கேட்பவள். வீட்டுக்குப் போகவேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே பிடிவாதம். கடைசி அத்தியாயம் நடந்ததையே திருத்தி எழுதி, அவளுக்கு முதலிலிருந்தே ஒரு குழந்தை இருந்ததாகவும், அவள் வீட்டுக்கு அவசரப்பட்டது அந்தக் குழந்தைக்காகவே என்றும் ஆக்கிவிட்டது. குழந்தைக்காக டாக்டர் தன்னையே கொடுத்ததில் கண் கலங்கியவர்கள் இருந்தார்கள். எட்டு வாரம் பழகிய ஒருத்தியை ஒரு நிமிடத்தில் வேறொருத்தியாக்கிப்போட்டார்கள் என்று கொதித்தவர்களும் இருந்தார்கள். இரு தரப்பும் பார்த்தது ஒரே காட்சியைத்தான்.

எங்கள் யாழ்ப்பாணத் தீவகத்தில் இப்படியான தருணங்களுக்கென்றே ஒரு தீர்ப்பு இருக்கிறது: “கடைசியிலை கொண்டுபோய்க் கவிட்டுப்போட்டான்.” படத்துக்கும் சொல்வார்கள், தொடர்கதைக்கும் சொல்வார்கள், தேர்தல் பேச்சுக்கும் சொல்வார்கள். பக்கத்திலிருப்பவர் “இல்லை, முடிவுதான் திறம்” என்பார். பிறகு தேத்தண்ணி ஆறும்வரை வாக்குவாதம். இந்த வாக்குவாதத்தை ரசனைக் குறைவு என்றோ கதாசிரியரின் கைத்தவறு என்றோ ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அது போதவில்லை. நல்ல முடிவுகளும் ரசிகரைப் பிளந்திருக்கின்றன, மோசமான முடிவுகள் சில ஒருவரையும் உசுப்பாமல் போயிருக்கின்றன. அப்படியானால் பிளவு எங்கிருந்து வருகிறது?

தொடர் பார்ப்பவர் இரண்டு காரியத்துக்காகக் காத்திருக்கிறார். ஒரு புதிர் அவிழவேண்டும். சில ஆட்கள் என்ன ஆனார்கள் என்று தெரியவேண்டும். குடும்பத் தொடரில் இவை இரண்டும் ஒன்றுதான். யார் யாரைக் கட்டினார், காணி யாருக்குப் போனது என்று தெரிந்தால் புதிரும் அவிழ்ந்தது, ஆட்களும் கரைசேர்ந்தார்கள். அறிவியல் புனைகதையில் இவை இரண்டும் பிரிந்து நிற்கின்றன. அதோடு, அந்த வகைக் கதை தன் உலகத்தின் சட்டங்களைத் தானே இயற்றி, வாரம் வாரமாகப் பார்வையாளருக்குப் படிப்பிக்கிறது. இந்த இயந்திரம் இவ்வளவுதான் செய்யும், காலத்தில் பின்னோக்கிப் போனால் இது நடக்கும், இது நடக்காது. படித்து முடித்தவர் பிறகு சும்மா இருக்கமாட்டார். கடைசி நாளில் கதாசிரியர் தன் சட்டத்தைத் தானே மீறினால், பார்வையாளர் நீதவானாகி எழுந்துவிடுகிறார். ஆட்களுக்காக வந்தவர் அதே நேரத்தில் அழுதுகொண்டிருக்கிறார். அவருக்குச் சட்டம் பெரிதல்ல. ஒரே வீட்டில் ஒரே வாங்கில் இருந்து பார்த்த இருவர் முறைத்துக்கொண்டு எழுவது இதனால்தான் என்பது என் எண்ணம்.

உலகத்தில் இதற்குச் சான்றுகள் நிறைய. பிரித்தானியாவில் ‘தி பிரிசனர்’ 1968 பெப்ரவரியில் முடிந்தது. பதினேழு அத்தியாயமாக எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: நாயகனை அடைத்து வைத்திருக்கும் அந்த ஊரின் முதலாம் இலக்கத்தவன் யார்? விடையாக வந்தது முகமூடி, அதற்குள் குரங்கு முகம், அதற்குள் நாயகனின் சொந்த முகம். நாயகனாக நடித்துக் கடைசி அத்தியாயத்தை எழுதி இயக்கியும் இருந்த பற்றிக் மக்கூகன், சனத்தின் கோபத்துக்கு அஞ்சிச் சிறிது காலம் ஒதுங்கியிருந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1981 டிசம்பர் 21ஆம் திகதி, நத்தாருக்கு நாலு நாள் இருக்க, ‘பிளேக்ஸ் செவன்’ தன் விண்வெளிக் கலகக்காரர்களை ஒருவர் பின் ஒருவராகச் சுட்டு வீழ்த்தி முடிந்தது. அங்கே சட்டம் மீறப்படவில்லை. அப்படிப்பட்ட ஆட்சியை எதிர்த்தவர்களுக்கு அதுதான் நடக்கும் என்று தொடர் முதல் நாளிலிருந்தே சொல்லிவந்தது. ஆட்களுக்காக வந்தவர்களுக்குத்தான் அடி. 2009 மார்ச்சில் ‘பாட்டில்ஸ்டார் கலக்டிகா’ மறுபக்கம் சாய்ந்தது. இயந்திர மனிதர், அணுகுண்டு, அரசியல் என்று கறாராகப் போன கதை, கடைசியில் தெய்வத்தின் தூதர்களைக் கொண்டு முடிச்சை அவிழ்த்தது. ஆட்கள் ஒவ்வொருவருக்கும் அழகான வழியனுப்புதல் கிடைத்தது. சட்டம் கேட்டவர்கள் ஏமாந்தார்கள்.

தீவில் வாழ்பவர்களுக்கு ‘லொஸ்ட்’ தொடரின் கதை இன்னும் நெருக்கம், ஏனெனில் அங்கே தீவே ஒரு பாத்திரம். விமானம் விழுந்து கரையேறியவர்கள், நகர்ந்து திரியும் தீவு, நிலத்தடி ஆய்வுகூடம், விளக்கமில்லாத எண்கள். 2004 முதல் ஆறு பருவங்களாகக் கேள்விமேல் கேள்வி அடுக்கினார்கள். 2010 மே 23ஆம் திகதி வந்த முடிவு, கடைசிப் பருவத்தில் பக்கக் கதையாக ஓடிய உலகம் இறந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இடம் என்று காட்டித் தேவாலயத்தில் எல்லோரையும் சேர்த்து வைத்தது. கட்டித் தழுவினார்கள், நாங்களும் உருகினோம். எண்களுக்கு விடை? தீவுக்கு விடை? பாதிதான். இன்னொரு வேடிக்கை, தீவில் நடந்ததெல்லாம் உண்மை என்று அந்த அத்தியாயத்திலேயே வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தும், எல்லோரும் முதல் நாளே விமானத்தில் செத்துப்போனார்கள் என்று நம்புகிறவர்கள் இன்றுவரை இருக்கிறார்கள். பார்த்த முடிவைவிடத் தாங்கள் பயந்திருந்த முடிவு அவர்களுக்குள் ஆழமாய்ப் பதிந்துவிட்டது. காத்திருப்பவர் சும்மா காத்திருப்பதில்லை. மனதுக்குள் தன்னுடைய முடிவொன்றைக் கட்டிக்கொண்டே போகிறார். கடைசி அத்தியாயம் போட்டியிடுவது அந்த முடிவோடுதான்.

ஜப்பானியர்கள் இந்தச் சண்டையைக் கலையாகவே ஆக்கிக்கொண்டார்கள். 1995 ஒக்டோபரில் தொடங்கி 1996 மார்ச்சில் முடிந்த ‘நியோன் ஜெனசிஸ் எவாங்கேலியன்’ இருபத்தாறு அத்தியாயம் கொண்டது. இருபத்துநாலு அத்தியாயம் இராட்சத இயந்திரங்களும் விண்ணிலிருந்து வரும் பகைவரும். கடைசி இரண்டில் சண்டை நின்றுவிட்டது. நாயகச் சிறுவனின் மனதுக்குள்ளே போய், நீ யார், ஏன் பயப்படுகிறாய், மற்றவர் இல்லாமல் நீ இருப்பாயா என்று கேள்வியும் பதிலுமாக நடந்தது. உலகத்துக்கு என்ன ஆனது என்பதைக் காட்டவேயில்லை. கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. இயக்குநர் ஹிடேயாக்கி அன்னோ 1997 ஜூலையில் அதே முடிவை வெளிப்புறமிருந்து காட்டும் படமொன்றைத் தந்தார். அதற்குள்ளே ரசிகர்களின் வசைகளையும் ஒரு கணம் திரையில் ஓடவிட்டார். சமாதானமா பழிவாங்கலா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். இந்த எவாங்கேலியனை வாசகர் நினைவில் வைத்திருக்கவேண்டும். எங்கள் மணிமேகலைக்கு வரும்போது தேவைப்படும்.

இலங்கையிலும் இந்தச் சண்டைக்கு ஒரு பெரிய பெயர் உண்டு. ஆர்தர் சி. கிளார்க் 1956இலிருந்து இங்கே வாழ்ந்தவர். 1968 ஏப்ரலில் அவரும் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ வெளிவந்தபோது முதல் காட்சிகளிலேயே எழுந்துபோனவர்கள் ஏராளம். குப்ரிக் பிறகு ஏறக்குறைய பத்தொன்பது நிமிடத்தை வெட்டினார். வெட்டியும் அந்த முடிவு, முதியவன், கட்டில், கருங்கல், விண்ணில் மிதக்கும் சிசு, விளங்காததாகவே இருந்தது. அதற்காகவே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தவர்கள் இளைஞர்கள். கிளார்க் செய்தது கவனிக்கத்தக்கது. அதே கதையை நாவலாக எழுதி, படம் மூடிவைத்ததை அங்கே திறந்து காட்டினார். புதிருக்காக வந்தவருக்குப் புத்தகம், மயங்கவந்தவருக்குப் படம். இப்படி இரண்டு கதவு வைக்க எல்லாக் கதாசிரியருக்கும் வாய்ப்பதில்லை. இதே கிளார்க்கின் கொழும்பு வீட்டில்தான், இலங்கையில் தொலைக்காட்சிச் சேவை எதுவும் தொடங்குமுன்பே, இந்தியா 1975இல் நடத்திய செய்மதிக் கல்வி ஒளிபரப்புப் பரிசோதனைக்காக இஸ்ரோ பொறியியலாளர்கள் அன்டெனா பொருத்திக் கொடுத்தார்கள். ஆக, இந்த நாட்டில் முதன்முதல் வீட்டிலிருந்து தொலைக்காட்சி பார்த்தவர் ஒரு அறிவியல் புனைகதை எழுத்தாளர், பார்த்தது இந்திய நிகழ்ச்சி. வடக்கில் எங்களுக்கும் பிறகு வாய்த்தது அதே இந்திய அலைதான்.

தமிழில் தொடரின் முடிவுக்காக வாசகர் ஆசிரியரைக் கூண்டில் ஏற்றிய பெரிய வழக்கு ‘பொன்னியின் செல்வன்’. 1950 ஒக்டோபரில் ‘கல்கி’ இதழில் தொடங்கி 1954 மே மாதம் முடிந்த கதை. மூன்றரை ஆண்டு காத்திருந்தவர்களுக்கு, அருள்மொழி முடியைத் தியாகம் செய்த இடத்தில் கதையை நிறுத்தியது அவசரமாகப் பட்டது. குந்தவை என்ன ஆனாள், வந்தியத்தேவன் என்ன ஆனான் என்று கேள்விகள் வந்தன. கல்கி முடிவுரை ஒன்று எழுதி, பாத்திரங்களின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொன்னார். வரலாற்று நாவல் எங்கே நிற்கலாம் என்றும் வாதாடினார். எனக்கு அந்த முடிவுரை நாவலின் சில அத்தியாயங்களைவிடச் சுவையானது. மணிரத்னத்தின் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலில் வந்தபோது மறுபடி அதே கூத்து. சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்ற முடிச்சையே படம் விட்டுவிட்டது. புத்தகம் வாசித்தவர்கள் ஒரு பக்கம், வாசிக்காதவர்கள் ஒரு பக்கம் என்று குடும்பங்கள் பிரிந்தன.

அறிவியல் புனைகதை என்று வந்தால் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. எண்பதுகளில் ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்து, பின்னர் தூரதர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. பெயர்கள்கூட இரண்டெழுத்துக்கு மேல் போகக்கூடாத எதிர்கால இந்தியா. ஆள்பவன் ஜீவா. வீட்டுக்காரி நிலா. எல்லோருடைய மனதையும் கவர்ந்த இயந்திர நாய் ஜீனோ. முடிவில் ஜீவா என்று ஒருவனே இல்லை, அவன் ஒளியால் ஆன முப்பரிமாணப் பிம்பம் என்று தெரிகிறது. பிம்பத்தை உடைத்தவர்களே புதிய அதிகாரமாகி, நிலாவை அரியணைப் பொம்மை ஆக்கப் பார்க்கிறார்கள். புதிர் சுத்தமாக அவிழ்ந்தது. சட்டம் மீறப்படவில்லை. அரசியலும் கசப்பாகச் சரியாக இருந்தது. ஆனால் நாய்? நிலா? அந்த ஆட்கள் கரைசேரவில்லை. ‘மீண்டும் ஜீனோ’ என்ற இரண்டாம் பாகம் வந்தது. அதன் தலைப்பில் நாயின் பெயர் இருக்கிறது, சர்வாதிகாரியின் பெயர் இல்லை. வாசகர் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

முடிவை மாற்றச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தவர்களும் உண்டு, அதுவும் எங்கள் அயலிலேயே. 1987 ஜனவரியில் தூரதர்ஷனில் தொடங்கிய இராமானந்த் சாகரின் ‘இராமாயணம்’ 1988 ஜூலை முடிவில் பட்டாபிஷேகத்தோடு நின்றது. வால்மீகியைத் தங்கள் குருவாகக் கொண்ட துப்புரவுத் தொழிலாளர்கள், வால்மீகியே பாத்திரமாக வரும் உத்தரகாண்டம் இல்லாமல் கதை முடிவதா என்று கேட்டுப் பஞ்சாபிலும் வட இந்திய நகரங்கள் பலவற்றிலும் வேலையை நிறுத்தினார்கள். குப்பை மலையானது. அரசு இறங்கிவந்தது. ‘உத்தர ராமாயணம்’ எடுக்கப்பட்டது. ரசிகர் கோபம் என்று மேலைநாட்டில் பேசப்படும் கையெழுத்து வேட்டைகளுக்கு, 2019இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கடைசிப் பருவத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் போட்ட கையெழுத்து உட்பட, கிடைக்காத வெற்றி இவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் கேட்டது நாயகனுக்கு நல்ல முடிவை அல்ல, கதையைச் சொன்னவனுக்கு அதில் உரிய இடத்தை.

இதெல்லாம் முடிவைப் பார்த்தவர்களின் சண்டை. எங்கள் தீவுகளில் ஒரு தலைமுறைக்கு முடிவைப் பார்ப்பதே பெரும்பாடு. தேசியத் தொலைக்காட்சியான ரூபவாகினி 1982இல் வந்தது. ஆனாலும் எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் ஒளிபரப்பு கிடைக்கத் தொடங்கியபின் ஊர்காவற்துறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் அன்டெனாக்கள் மேற்கே திரும்பின. இடையில் கடல் மட்டும்தானே, மலையா இருக்கிறது மறிக்க. ‘மகாபாரதம்’ 1988 ஒக்டோபரில் தொடங்கி ஞாயிறு தோறும் வந்தது. ஹிந்தி தெரியாத சனம் வசனம் ஒன்றும் விளங்காமலே, யார் யார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். தொடர் 1990 நடுப்பகுதியில் முடிந்தது. அந்த ஜூன் மாதத்தில்தான் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தீவகத்தில் நடந்த படை நடவடிக்கைகளால் ஊர்கள் ஊர்களாகச் சனம் வெளியேறியது. முடிவுக்குக் கிட்ட வந்த தொடரை விட்டுவிட்டு உண்மையான போருக்குள் போனவர்கள் அவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. தொலைக்காட்சி என்றால் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெய் கிடைத்த இரவில் மூன்று நாலு படம் ஒன்றாய்ப் போடுவதுதான்.

இடையில் எண்ணெய் தீர்ந்தால் படம் பாதியில் நிற்கும். அப்போது கூட்டத்தில் முன்பே பார்த்த ஒருவர் மீதியைச் சொல்வார். நன்றாகச் சொல்லக்கூடிய ஆள் என்றால் ஒருவருக்கும் குறை தெரியாது, பிறகு உண்மையான முடிவைப் பார்க்கும்போதுதான் குறையாய் இருக்கும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அது இல்லாமையின் பழக்கம். ஆனால் முடிவு என்பது கட்டாயம் திரையிலிருந்துதான் வரவேண்டும் என்ற எண்ணமே இல்லாத ஒரு பார்வையாளர் கூட்டம் இங்கே இருந்தது என்பது ஆராய்ச்சிக்குரியது. 1995இல் இராமேஸ்வரத்தில் 323 மீற்றர் உயரத் தூரதர்ஷன் கோபுரம் எழுந்தபோது அலை இன்னும் தெளிவானது, பார்க்க வீடுகளில் ஆள்தான் குறைவு. இன்று நிலைமை வேறு. நெடுந்தீவிலும் கைபேசி இருக்கிறது. டீசல் ஜெனரேற்றரை நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய உதவியோடு சூரிய, காற்றுக் கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. இலண்டனில் பேரப்பிள்ளை பார்க்கும் அன்றே இங்கேயும் கடைசி அத்தியாயத்தைப் பார்த்துவிடலாம். சண்டையும் அன்றே தொடங்கிவிடும்.

இன்னும் பின்னால் போனால், முடிவு தெரிந்த கதையைத் தேடிப்போய்ப் பார்த்த காலம். யாழ்ப்பாணத்தின் மிகப் புகழ்பெற்ற இசைநாடகம் வி. வி. வைரமுத்துவின் ‘அரிச்சந்திர மயான காண்டம்’. பெயரைப் பாருங்கள், அரிச்சந்திரன் கதையின் கடைசிப் பகுதி மட்டும். பருவம் முழுவதையும் விட்டுவிட்டு இறுதி அத்தியாயத்தையே தனி நாடகமாக ஆயிரக்கணக்கான மேடைகளில் போட்டார்கள். பிள்ளை எழும்பும், மனைவி பிழைப்பாள், சத்தியம் வெல்லும் என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் வைரமுத்து சுடலையில் நின்று பாடும்போது சனம் அழுதது. ஊர்காவற்துறைப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்துப் பாஸ்கு நாடகமும் அப்படியே, முடிவு உலகறிந்தது. அங்கேயும் கலவையான அபிப்பிராயம் உண்டு. ஆனால் அது “என்ன நடந்தது” என்பதில் இல்லை. “போன வருசத்து அண்ணாவியார் இந்த இடத்திலை எப்பிடி இழுத்தவர் தெரியுமே” என்பதில்தான். புதிர் கிடையாது, அதனால் புதிர்க் கட்சியும் கிடையாது. ஆட்கள் கட்சி மட்டும்தான், அதுவும் தங்களுக்குள் பிரிந்து நின்றது.

இப்போது மணிமேகலைக் காப்பியம். நயினாதீவை மணிபல்லவம் என்று கொள்ளும் மரபு இங்கே வலுவானது. அதை மறுப்பவர்களும் உண்டு. காப்பியமே புகாரிலிருந்து தெற்கே முப்பது யோசனை என்று மட்டும்தான் சொல்கிறது. நாகர் இருவர் மணியாசனத்துக்காகப் போரிட, புத்தர் வந்து விலக்கிய கதை மணிமேகலையிலும் வருகிறது, மகாவம்சத்தின் நாகதீபக் கதையிலும் வருகிறது. இடப் பொருத்தத்தை ஆராய்ச்சியாளரிடம் விட்டுவிட்டுக் கதையைப் பார்த்தால், தமிழில் இதைவிட அறிவியல் புனைகதைக்குக் கிட்ட வரும் பழைய நூல் இல்லை. தூங்கும் பெண்ணைத் தெய்வம் வான்வழியே தூக்கிவந்து ஆளில்லாத் தீவில் விடுகிறது. அங்கே ஒரு பீடிகை, தொட்டுத் தொழுதால் முற்பிறப்பு நினைவுக்கு வரும். மூன்று மந்திரம்: வேறு உருக்கொள்ள ஒன்று, வானில் செல்ல ஒன்று, பசி தாங்க ஒன்று. வைகாசி விசாகத்தன்று கோமுகிப் பொய்கையில் எழும் அமுதசுரபி, எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். ஒவ்வொன்றுக்கும் எல்லை, ஒவ்வொன்றுக்கும் விதி. சட்டம் எழுதித் தந்த கதை.

காப்பியத்தை எழுதிய சாத்தனார் முடிவை மறைக்கவும் இல்லை. பதிகத்திலேயே கதை முழுக்க வந்துவிடுகிறது. நடுவில் கந்திற்பாவை என்ற தூண்பதுமை, புகார் கடலில் அழியும், நீ வஞ்சிக்கும் காஞ்சிக்கும் போவாய், பின்னர் மகதத்தில் ஆணாகப் பல பிறவி எடுப்பாய் என்று எதிர்காலத்தையே சொல்லிவிடுகிறது. முடிவைச் சொன்னால் சுவை கெடும் என்று பதறும் இன்றைய ரசிகர் அந்தப் பதுமையை மன்னிக்கமாட்டார்.

உச்சம் இருபத்தைந்தாம் காதையில். ஆபுத்திரன் முன்பு மணிபல்லவத்தில் கப்பலைத் தவறவிட்டு, யாருக்கும் சோறிட முடியாத தீவில் அமுதசுரபி இருந்தென்ன என்று அதைப் பொய்கையில் விட்டு, உண்ணாமல் உயிர்விட்டவன். இப்போது சாவக நாட்டில் புண்ணியராசனாகப் பிறந்து மணிமேகலையோடு அதே தீவுக்கு வருகிறான். மணலைத் தோண்டுகிறார்கள். தன் முற்பிறப்பு எலும்புக்கூட்டைத் தானே பார்க்கிறான். கால ஓட்டத்தை மடித்து ஒருவனை அவனுடைய பிணத்துக்கு முன்னாலேயே நிறுத்தும் காட்சி. எந்தத் தொலைக்காட்சித் தொடரும் பருவத்தை இங்கேதான் முடிக்கும். புதிர், ஆட்கள், இரண்டும் ஒரே மணல்குழியில் கூடுகின்றன. அதே காதையில் புகார் கடலுக்குள் போன செய்தியும் வந்துவிடுகிறது.

சாத்தனார் அங்கே நிறுத்தவில்லை. இன்னும் ஐந்து காதை. வஞ்சியில் சமயக்கணக்கர் தத்தம் கொள்கையைச் சொல்கிறார்கள். காஞ்சியில் மணிமேகலை பஞ்சம் தீர்க்கிறாள். பிறகு பௌத்தத் துறவி அறவண அடிகள் இருபத்தொன்பதாம் காதையில் தருக்கம் படிப்பிக்கிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், ஒவ்வொன்றிலும் வரும் போலிகள். முப்பதாவதில் சார்பின் தோற்றம், பிறவி அற நோன்பு. அவ்வளவுதான். காதலன் இல்லை, அரசன் இல்லை, ஒரு பெண் பாடம் கேட்டு அமர்கிறாள். உ. வே. சாமிநாதையர் 1898இல் நூலைப் பதிப்பித்தபோதே இந்தப் பகுதியின் பௌத்தத்தை விளங்கிக்கொள்ளப் பெரிதும் பாடுபட்டார். பின்னர் எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்காரும் எஸ். குப்புசுவாமி சாஸ்திரியும் அந்தத் தருக்கம் பௌத்தத் தருக்க ஆசிரியர் திக்நாகருக்கு முந்தியதா பிந்தியதா என்று எதிரெதிர் நின்றார்கள். கதை வாசிக்க வந்த வாசகரோ தொடக்கத்திலிருந்தே கடைசிக் காதைகளைத் தள்ளிக்கொண்டு போகிறார். பாடத்திட்டங்களும் பாத்திரம் பெற்ற காதையோடு நின்றுகொள்ள விரும்புகின்றன.

எவாங்கேலியனின் கடைசி இரண்டு அத்தியாயத்தோடு இதை வைத்துப் பாருங்கள். போர் நிற்கிறது, வெளி உலகம் மங்குகிறது, நாயகர் உட்கார்ந்து கேள்வி பதிலுக்குள் போகிறார். இரண்டுமே தற்செயலல்ல. இரண்டு ஆசிரியர்களும் புதிர்க் கட்சிக்கும் ஆட்கள் கட்சிக்கும் தரவேண்டியதை முன்னமே தந்துவிட்டு, அல்லது தர மறுத்து, தாங்கள் சொல்லவந்ததைச் சொன்னார்கள். மூன்றாவது கட்சி ஒன்று அங்கே தெரிகிறது, கதையை ஒரு வாகனமாகக் கண்டு, இறங்கவேண்டிய துறையில் இறங்கிக்கொள்பவர்கள். எண்ணிக்கையில் சிறியது. தொலைக்காட்சி நிறுவனங்கள் இந்தக் கட்சிக்காகப் பணம் போடமாட்டா. அதனால்தான் அன்னோ பின்னர் படமெடுத்துக் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. சாத்தனாருக்கு அந்த நெருக்கடி இருக்கவில்லை.

என்றைக்காவது ஒருவர் மணிமேகலையைத் தொடராக எடுப்பார், மணிபல்லவத்துக்காக நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கமெராவோடு வருவார். எலும்புக்கூட்டோடு முடித்துவிடுங்கள் என்றுதான் எல்லோரும் அவருக்குப் புத்தி சொல்வார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. மீதி ஐந்தையும் எடுக்கவேண்டும், ஏனென்றால் அங்கேயும் நாடகம் இருக்கிறது. வஞ்சியில் மாதவன், அதாவது துறவி, உருக்கொண்டு, ஆண்வேடத்தில் நிற்கிறாள் மணிமேகலை. கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்கமாட்டேன் என்கிறான் பூதவாதி. வானில் பறந்தவள், தன் பழைய பிறவியைக் கண்டவள், இவனுக்கு எந்த மந்திரத்தையும் காட்டவில்லை. சிரிக்கிறாள். உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை நீ எப்படி அறிந்தாய், அனுமானத்தால்தானே என்று கேட்கிறாள். அந்த ஒரு காட்சிக்காக, கவிட்டுப்போட்டான் என்று சொல்லப்போகிற அத்தனை பேரோடும் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று வாதாட நான் தயார்.